சால்ட்டேர், பிராட்ஃபோர்டு: ஆலை ஊரின் பள்ளிகளும் பழங்கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு இங்கிலாந்தில் லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் வேலை கிடைத்துக் குடிவரும் நம் குடும்பங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்? ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்தால் எங்கே கூட்டிப்போகலாம்? ஒன்றுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்றில் வந்து நிற்கும். ஏனென்றால் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்பதே மில்லிலிருந்து கிளம்பி வந்த சமாச்சாரம். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

“சால்ட்டேர், சால்ட்டேர்ங்கறீங்களே, அது ஊரா, மில்லா, மியூசியமா?”

ஊர்தான். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி தன் தொழிலாளர்களுக்காக ஏர் ஆற்றங்கரையில் கட்டிய ஊர். அவர் பெயரும் ஆற்றின் பெயரும் சேர்ந்து சால்ட்டேர் ஆனது. 1853 செப்டம்பர் 20 அன்று, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில், ஆலையைத் திறந்தார்கள். வீடுகள், சர்ச், பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுந்தன. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

ஊருக்குள் நடக்க டிக்கெட் கிடையாது. 800-க்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டு ஜன்னல் நடைபாதையை ஒட்டியே இருக்கும். எட்டிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

“மில்லை மூடிட்டாங்களாமே. அப்புறம் உள்ள போய் என்னத்தைப் பார்க்கிறது?”

1986-ல் மூடினார்கள். அடுத்த ஆண்டே ஜோனதன் சில்வர் என்பவர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களைத் தொங்கவிட்டு ஒரு கூடம் திறந்தார். இன்றைக்குப் புத்தகக் கடை, உணவகம், அலுவலகங்கள் என்று கட்டடம் உயிரோடு இருக்கிறது. அந்த நீளமான கூடத்துக்குள் நின்றால் போதும், இயந்திரம் ஓடிய நாளில் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

ஓடும் இயந்திரத்தையே பார்க்க வேண்டுமா? அதற்கு எக்கிள்ஸ்ஹில் பகுதியில் உள்ள பிராட்ஃபோர்டு இண்டஸ்ட்ரியல் மியூசியம் போங்கள். மூர்சைடு மில் என்ற பழைய ஆலையில் நடக்கிறது, நுழைவு இலவசம். அங்கேயே தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டின் பின்சுவர். பின்பக்கம் கதவோ ஜன்னலோ கிடையாது. முதலில் இதைப் பார்த்துவிட்டு சால்ட்டேர் போனால்தான் சால்ட் என்ன வித்தியாசமாகச் செய்தார் என்பது புரியும்.

“முதலாளி எதுக்கு ஊரையே கட்டித் தரணும்? அவ்வளவு நல்ல மனசா?”

மனசைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது, அங்கே பார்ப்போம். நிலைமையை மட்டும் இப்போது சொல்கிறேன். 1801-லிருந்து 1851-க்குள் பிராட்ஃபோர்டின் மக்கள்தொகை ஏழெட்டு மடங்கு ஏறி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சாக்கடை கிடையாது, குடிக்கிற தண்ணீரும் கழிவும் ஒன்றாக ஓடின, ஆலைப் புகை வானத்தை மூடியிருந்தது. 1849-ல் காலரா வந்தது. சால்ட் அப்போதுதான் நகரத்தின் மேயராக இருந்தவர். அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

வியாபாரக் கணக்கும் இருந்தது. நகருக்குள் ஐந்தாறு இடத்தில் சிதறிக் கிடந்த வேலையை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவர இடம் வேண்டும். ஷிப்லி பக்கத்து வயல்வெளியில் ஆறு, லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய், ரயில் பாதை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவ்வளவு தள்ளிப்போய் ஆலை கட்டினால் ஆட்களுக்கு வீடும் கட்டித்தான் ஆக வேண்டும்.

“அவர் கட்டின பள்ளிக்கூடம் எங்க இருக்கு? இப்பவும் பிள்ளைங்க படிக்கிறாங்களா?”

விக்டோரியா ரோடு வழியாக ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏறுங்கள். இரண்டு கல் சிங்கம் ஒரு பக்கம், இரண்டு கல் சிங்கம் எதிர்ப்பக்கம் படுத்திருக்கும். ஒரு ஜோடிக்குப் பின்னால் இருப்பது 1868-ல் கட்டிய பள்ளிக்கூடம். இன்னொரு ஜோடிக்குப் பின்னால் இருப்பது 1871-ல் திறந்த இன்ஸ்டிடியூட். இப்போது அதற்கு விக்டோரியா ஹால் என்று பெயர். நூலகம், வாசிப்பு அறை, சொற்பொழிவுக் கூடம், ஆய்வுக்கூடம், உடற்பயிற்சி அறை எல்லாம் அதில் இருந்தன. பெரியவர்கள் மாலையில் படிக்க ஒரு கட்டடம், பிள்ளைகள் பகலில் படிக்க ஒரு கட்டடம், நடுவில் சாலை.

பள்ளிக் கட்டடத்தில் 700 பிள்ளைகளுக்கு மேல் இடம். ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் மறுபக்கம். இன்றும் அது கல்விக்கூடம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை: ஷிப்லி காலேஜ் அங்கே நடக்கிறது. சால்ட்டேர் பிரைமரி ஸ்கூல் கொஞ்சம் மேலே ஆல்பர்ட் ரோடில் இருக்கிறது. டைட்டஸ் சால்ட் ஸ்கூல் என்ற உயர்நிலைப் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெய்ல்டனில். பெயரை வைத்துக்கொண்டு சிங்கத்துக்கு முன்னால் பிள்ளையை இறக்கிவிட்ட குடும்பம் உண்டு.

சிங்கம் பற்றி ஒரு கதை கட்டாயம் உங்கள் காதில் விழும்: லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்காகச் செய்தவை, சின்னதாகப் போனதால் இங்கே வந்துவிட்டன என்று. பாதிதான் உண்மை. இவற்றைச் செதுக்கிய தாமஸ் மில்ன்ஸுக்கு முதலில் டிரஃபால்கர் வேலையைக் கொடுத்தார்கள், பிறகு அதை லேண்ட்சீயர் என்ற ஓவியரிடம் மாற்றிவிட்டார்கள். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு இவர் செய்த சிங்கங்கள் சால்ட்டிடம் வந்து சேர்ந்தன. நான்குக்கும் பெயர் உண்டு: போர், அமைதி, விழிப்பு, உறுதி. எது எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும்.

“மில்லுக்காரர் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கட்டினாருன்னு சொல்றீங்க. ஆனா அதே பிள்ளைங்க மில்லுல வேலை செஞ்சதா கைடு சொன்னாரே?”

இரண்டும் உண்மை, ஒரே நாளில். அவர்களை ‘ஹாஃப் டைமர்’ என்பார்கள். பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி. இந்த ஊர்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்க வேண்டுமென்றால் எதைச் சொல்வேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1833 தொழிற்சாலைச் சட்டம்தான் முதல் உருப்படியான தடை. ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களை நெசவு, நூற்பு ஆலைகளில் வைக்கக் கூடாது, பதின்மூன்று வரை உள்ளவர்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரமாவது பள்ளி. நாடு முழுவதற்கும் மேற்பார்வைக்கு நான்கே இன்ஸ்பெக்டர்கள். 1844 சட்டம் வயதை எட்டாக இறக்கியது. ஆமாம், இறக்கியது. அதற்குப் பதிலாக வேலையை அரை நாளாக்கி, மூன்று மணி நேரப் பள்ளியைக் கட்டாயமாக்கியது. பள்ளிக்குப் போனதற்கான சான்று இல்லாமல் முதலாளி அந்தப் பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது.

ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஆலைக் கதவு. நூற்பு அறையில் ‘டாஃபர்’ வேலை: நூல் நிறைந்த பாபினை உருவி எடுத்து, காலிப் பாபினைச் செருக வேண்டும், இயந்திரம் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் வரிசை முழுவதையும் மாற்றிவிட வேண்டும். உயரம் குறைந்த, கை வேகமுள்ள பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்கிய வேலை. மதியம் வீட்டுக்கு ஓடிச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெயும் கம்பளித் தூசியும் உடம்பில் ஒட்டியபடியே வகுப்பறை. முறை மாறும்போது காலையில் பள்ளி, மதியத்துக்கு மேல் மில். காலை ஷிஃப்ட் முடித்த பிள்ளை மதிய வகுப்பில் தூங்கிவிழுவதை அக்கால ஆசிரியர்கள் மாற்றி மாற்றிப் புகார் சொன்னார்கள்.

“இந்த அநியாயம் எப்ப முடிஞ்சுது? அப்பா, அம்மா சும்மாவா பார்த்துட்டு இருந்தாங்க?”

மெல்ல மெல்லத்தான். குறைந்தபட்ச வயது 1874 சட்டத்தால் பத்தானது, 1890களில் பதினொன்று, 1899-ல் பன்னிரண்டு. முழுவதும் ஒழித்தது 1918 கல்விச் சட்டம். அது நடைமுறைக்கு வர 1920களின் தொடக்கம் ஆகிவிட்டது. இன்று எண்பது வயதில் இருப்பவரின் தாத்தா, பாட்டி ஹாஃப் டைமராக இருந்திருக்கலாம். அவ்வளவு பக்கத்துச் சரித்திரம்.

பெற்றோர் சும்மா இல்லை, பலர் எதிர்த்தார்கள்: ஒழிப்பதை. அந்தச் சில ஷில்லிங் இல்லாமல் வீடு ஓடாது. பக்கத்து லங்காஷயரில் 1909-ல் பருத்தித் தொழிலாளர் சங்கங்கள் வயது வரம்பை உயர்த்தலாமா என்று வாக்கெடுப்பு நடத்தின. வேண்டாம் என்ற பக்கமே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. ‘சின்ன விரல்தான் வேலைக்குப் பழகும்’ என்று முதலாளிகள் சொன்னார்கள், சங்கத்துக்காரர்களும் சொன்னார்கள். முதலாளி மட்டும் வில்லன் என்று கதை சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிவது சுலபம். நடந்தது அப்படி இல்லை.

“எல்லாருக்கும் ஸ்கூல்னு சட்டம் வந்தது பிராட்ஃபோர்டு ஆளாலதான்னு சொல்றாங்களே, யார் அது?”

டபிள்யூ. ஈ. ஃபார்ஸ்டர். பிராட்ஃபோர்டின் நாடாளுமன்ற உறுப்பினர். பர்லி-இன்-வார்ஃப்டேலில் கம்பளி ஆலை வைத்திருந்தவர். அவர் கொண்டுவந்ததுதான் 1870 ஆரம்பக் கல்விச் சட்டம். சர்ச்சுகளும் தர்மகர்த்தாக்களும் நடத்திய பள்ளிகள் போதாத ஊர்களில், மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் ஒன்று அமைத்து, வரிப்பணத்தில் பள்ளி கட்டலாம் என்றது. கட்டாயம் 1880-ல்தான் வந்தது, இலவசம் 1891-ல். பிராட்ஃபோர்டில் ரயில் இறங்குகிறீர்களே ஃபார்ஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷன், அந்த ஃபார்ஸ்டர் இவர்தான்.

வடக்கு இங்கிலாந்தின் எந்த ஆலை ஊரிலும் பழைய வாரியப் பள்ளிகளை நீங்களே அடையாளம் கண்டுபிடிக்கலாம். புகைக் கறை ஏறிய மணற்கல், கூரையில் மணிக்கூண்டு, பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்க முடியாதபடி உயரத்தில் ஜன்னல், தனித்தனி வாசல்களின் மேல் ‘பாய்ஸ்’, ‘கேர்ள்ஸ்’, ‘இன்ஃபன்ட்ஸ்’ என்று கல்லில் செதுக்கிய எழுத்து. பல இடங்களில் இப்போது எல்லாரும் ‘கேர்ள்ஸ்’ வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

“ஸ்கூல் லாக் புக்னு ஒண்ணு இருக்காமே, அதுல என்ன இருக்கும்?”

தலைமையாசிரியர் கையால் எழுதிய குறிப்பேடு. 1862-ல் வந்த புதிய விதிகளின்படி அரசு உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றும் இதை வைத்திருக்க வேண்டும். அந்த விதிகளுக்கு ‘தேர்ச்சிக்கேற்ற பணம்’ என்று பட்டப்பெயர். வருகைக்கு ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங், இன்ஸ்பெக்டர் முன் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. ஆகவே லாக் புக்கில் வருகைக் கவலைதான் நிறைந்திருக்கும்: தட்டம்மை, பனி, செருப்பு இல்லை, ஹாஃப் டைமர்கள் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வரும் வாரம் நெருங்க நெருங்கக் கையெழுத்தே பதற்றமாகும்.

பிராட்ஃபோர்டு வட்டாரத்துப் பள்ளிகளின் பழைய குறிப்பேடுகள் பல வெஸ்ட் யார்க்ஷயர் ஆவணக் காப்பகத்தின் பிராட்ஃபோர்டு கிளையில் இருக்கின்றன. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளின் பெயர் வரும் பதிவேடுகளில் சமீப காலத்தவற்றைத் திறந்து காட்டமாட்டார்கள். அது நியாயம்தான்.

“பள்ளிக்கூடத்துல சாப்பாடு போடுறது இங்கதான் ஆரம்பிச்சதுன்னு படிச்சேன், நிஜமா?”

நகராட்சி நடத்தும் பள்ளிச் சாப்பாடு என்ற அளவில் பிராட்ஃபோர்டுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. மார்கரெட் மெக்மில்லன் என்ற பெண்மணி 1894-ல் பள்ளி வாரியத்துக்குத் தேர்வானார். பசியும் அழுக்கும் பேனுமாக வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பது அவர் வாதம். 1897-ல் வாப்பிங் ரோடு பள்ளியில் குளியல் தொட்டி வசதி வந்தது. 1902 சட்டம் பள்ளி வாரியங்களைக் கலைத்து வேலையை நகராட்சியிடம் கொடுத்தபோது, பெண்கள் நகராட்சிக்குப் போட்டியிட முடியாது என்பதால் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. யாரும் அதிகம் சொல்லாத பகுதி இது.

1906-ல் பள்ளிச் சாப்பாட்டுக்குச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்டின் பள்ளி மருத்துவர் ரால்ஃப் குரோலி ஏழைப் பிள்ளைகள் 40 பேருக்குக் காலையும் மதியமும் சாப்பாடு கொடுத்து, வாரா வாரம் எடை பார்த்தார். எடை ஏறியது. நடுவில் ஒரு வாரம் விடுமுறை விட்டதும் இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. அந்த வரைபடத்துக்கு மேல் என்ன வாதம் வேண்டும்? கிரீன் லேன் பள்ளியில் சமையற்கூடம் அமைத்து நகரத்துப் பள்ளிகளுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள்.

“இதெல்லாம் என் பிள்ளை பாடத்துல வருமா, இல்ல சும்மா நாமளா தெரிஞ்சுக்கறதா?”

வரும். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் வரலாறு பதினான்கு வயது வரை கட்டாயம். சின்ன வகுப்புகளில் சொந்த வட்டாரத்து இடங்கள், மனிதர்கள். இயர் 3 முதல் 6-க்குள் உள்ளூர் வரலாறு ஒன்று. உயர்நிலையிலும் மறுபடி ஒன்று. கவுன்சிலுக்குக் கீழ் வராமல் அரசுப் பணத்தில் நடக்கும் அகாடமி பள்ளிகளுக்கு அப்படியே பின்பற்றும் கட்டாயம் இருந்ததில்லை. ஆனாலும் பெரும்பாலானவை செய்கின்றன.

எந்த உள்ளூர் விஷயம் என்பது ஆசிரியர் கையில். விக்டோரியா காலத்து உடை போட்டு, சிலேட்டில் எழுதி, கை நகம் சுத்தமா என்று அதட்டல் வாங்கும் ‘விக்டோரியன் டே’ பெரும்பாலும் உண்டு. உடைக்காகக் காசு செலவழிக்காதீர்கள். அப்பாவின் பழைய அங்கி, ஒரு தட்டைத் தொப்பி, பெண் பிள்ளைக்கு வெள்ளை ஏப்ரன் போதும்.

“அக்கா, பிள்ளைக்கு இயர் ஃபைவ்ல லோக்கல் ஹிஸ்டரி ப்ராஜெக்ட் எண்டு ஒண்டு குடுத்திருக்கினம். எங்க தொடங்குறது?”

ஒரு தெருவில் தொடங்குங்கள். சால்ட்டேரில் தெருப்பெயர்களே அரைப் பாடம்: கேரலைன் சால்ட்டின் மனைவி, விட்லம் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், அமீலியா, எட்வர்ட், ஃபேனி, ஹெர்பர்ட் எல்லாம் பிள்ளைகள், லாக்வுட்டும் மாசனும் கட்டடக் கலைஞர்கள். ஒரு வரிசையில் சாதாரணத் தொழிலாளி வீடும் மேற்பார்வையாளர் வீடும் எப்படி வேறுபடுகின்றன என்று வரையச் சொல்லுங்கள். பெரிய வீட்டுக்கு முன்னால் சின்னத் தோட்டம் இருக்கும், சின்ன வீட்டுக்கு வாசற்படி நேரே தெருவில் இறங்கும்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1881 பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஒரு வீட்டில் யார் யார், என்ன வயது, எங்கே பிறந்தவர், என்ன வேலை எல்லாம் இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு நேரே ‘ஸ்காலர்’ என்றும், பதினான்கு வயது அக்காவுக்கு நேரே நூற்பு வேலை என்றும் இருக்கும். நடுவில் உள்ள பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்; மேலே சொன்ன ஹாஃப் டைமர் அங்கேதான் அகப்படும். நூறு ஆண்டு ஆகாத கணக்கெடுப்பைத் திறக்கமாட்டார்கள். 1921 வரை கிடைக்கும். 1931 தாள்கள் 1942-ல் தீயில் போயின, 1941-ல் போரால் கணக்கே எடுக்கவில்லை. சால்ட்டேர் கலெக்‌ஷன் என்ற உள்ளூர் ஆவணத் தொகுப்பும் காலேஜ் வளாகத்தில் உண்டு. பிள்ளையே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் மகிழ்ந்து போவார்கள்.

“இங்க கிராமர் ஸ்கூல் நிறைய இருக்கே, 11 பிளஸ் கோச்சிங் போடணுமா?”

கிராமர் ஸ்கூல் என்றால் பதினோரு வயதுவாக்கில் ‘11 பிளஸ்’ என்ற நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளி. ஆனால் இங்கே பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிங்லி கிராமர், இல்க்லி கிராமர் இரண்டும் நுழைவுத் தேர்வு வைக்காத சாதாரண அரசுப் பள்ளிகள். பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பிராட்ஃபோர்டு கிராமர் ஸ்கூலுக்கு 1662-ல் இரண்டாம் சார்லஸ் சாசனம் கொடுத்தார். அது இன்று கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி, அங்கே தேர்வு உண்டு. இந்தப் பக்கம் வந்த முதல் வாரமே கோச்சிங் விசாரிக்கும் அவசரம் நமக்கே உரியது.

“சால்ட்டேர்ல வீடு எடுத்தா பக்கத்து ஸ்கூல்ல சீட் உறுதியா?”

உறுதி என்று யாரும் தர முடியாது. பெற்றோரிடம் இல்லாமல் கவுன்சில் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், சிறப்புத் தேவைத் திட்டம் உள்ளவர்கள், அண்ணன், அக்கா ஏற்கெனவே படிப்பவர்கள், பிறகு தூரம் என்று ஒவ்வொரு பள்ளியும் வரிசை வைத்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு அதைப் படித்துப் பாருங்கள். உயர்நிலைக்கு அக்டோபர் 31-க்குள், ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15-க்குள் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு முறையே மார்ச் 1, ஏப்ரல் 16. ஆண்டின் நடுவில் குடிவந்தால் அதற்குத் தனி விண்ணப்பம்.

வீடு வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஊர் வீடுகள் எல்லாமே பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ஜன்னல், கதவு மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டும். பிளாஸ்டிக் இரட்டைக் கண்ணாடி ஜன்னலை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

“நேராச் சொல்லுங்க, சால்ட் நல்லவரா, கெட்டவரா?”

தண்ணீர்க் குழாய், காஸ் விளக்கு, வீட்டுக்கொரு கழிப்பறை. முதியோருக்கு வாடகையில்லாத வீடு. வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவமனை. 1850களில், 60களில் இவை சின்ன விஷயமில்லை. 1876-ல் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கு. வீதியில் நின்ற அத்தனை பேரையும் யாரும் அதட்டிக் கூட்டிவரவில்லை.

ஆனால் ஊருக்குள் மதுக்கடை கூடாது. வீடு அவருடையது, வேலை அவருடையது. வேலை போனால் வீட்டில் எப்படி இருப்பது? ஹாஃப் டைமர்களை அவரும் வைத்திருந்தார். தான் கட்டிய ஊரில் தான் நினைத்தபடிதான் வாழ வேண்டும் என்று எதிர்பார்த்தவர். என் கணக்கில் அவர் தாராளமான எஜமான். எஜமான் என்ற சொல்லை விட்டுவிட முடியாது. அவர் குடும்பத்தின் கையிலிருந்து ஆலை 1890களிலேயே போய்விட்டது. ‘டைட்டஸிடம் சொல்லாதே’ என்ற பெயரில் அங்கே ஒரு மதுக்கூடம் வந்தது ஊர்க்காரர்களின் குசும்பு.

“அல்பாகா, கம்பளின்னு பேசுறீங்க. அடிமைகளோட பருத்தி இதுல இல்லையா?”

இருக்கிறது, நல்ல கேள்வி. சால்ட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது அல்பாகா என்ற தென் அமெரிக்க விலங்கின் ரோமம். ஆனால் அந்தத் துணியில் ஊடைதான் (குறுக்கு நூல்) அல்பாகா, பாவு (நீளவாக்கு நூல்) பருத்தி. 1830களின் கடைசியிலிருந்து பிராட்ஃபோர்டின் கலப்புத் துணித் தொழிலே அந்தப் பருத்திப் பாவின் மேல் நின்றது. 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர் வரை இங்கிலாந்துக்கு வந்த பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைத் தோட்டங்களில் விளைந்தது. பூங்காவில் உள்ள சால்ட் சிலையின் பீடத்தில் அல்பாகாவும் அங்கோரா ஆடும் செதுக்கியிருக்கின்றன, பருத்திச் செடி இல்லை. பிள்ளை இதை வகுப்பில் கேட்டால் ஆசிரியர் கோபப்படமாட்டார். நல்ல ஆசிரியர் என்றால் அடுத்த பாடத்தையே அதை வைத்து நடத்துவார்.

“இது வெள்ளைக்காரங்க பாரம்பரியம். நம்ம பிள்ளைங்களுக்கு இதுல என்ன இருக்கு?”

பிராட்ஃபோர்டின் பழமையில் வெளியூர்க்காரர் இல்லாத காலமே இல்லை. லிட்டில் ஜெர்மனி என்ற பகுதியின் கிடங்குகளைக் கட்டியவர்களில் ஜெர்மானிய யூத வணிகர்கள் உண்டு. பஞ்சம் பிழைக்க அயர்லாந்துக்காரர் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போலந்து, உக்ரைன் ஆட்கள். 1950களிலிருந்து பாகிஸ்தான், பஞ்சாப், குஜராத், சில்ஹெட். பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரில் மங்களா அணை கட்ட மீர்பூர் கிராமங்கள் மூழ்கியபோது அங்கிருந்து ஏராளமானோர் இங்கே வந்து, உள்ளூர்க்காரர்கள் விரும்பாத இரவு ஷிஃப்ட்டில் நின்றார்கள். தமிழர் கதை இதில் சிறியது. அதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

“குடியேறின பிள்ளைங்களை பஸ்ல ஏத்தி வேற ஸ்கூலுக்கு அனுப்பினாங்களாமே, அது வதந்தியா?”

வதந்தி இல்லை, கவுன்சில் கொள்கை. 1964-லிருந்து 1980 வரை பிராட்ஃபோர்டில் நடந்தது. ஒரு பள்ளியில் குடியேறியோர் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 1965-ல் கல்வித் துறையே சுற்றறிக்கை விட்டது. ஆங்கிலம் சீக்கிரம் பழகும், எல்லாரும் கலந்து வளர்வார்கள் என்று காரணம் சொன்னார்கள். பஸ் ஒரு திசையில் மட்டுமே ஓடியது. ஆசியப் பிள்ளைகள் வெள்ளையர் பகுதிக்குப் போனார்கள்; அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை. பள்ளி விட்டதும் பஸ் கிளம்பிவிடும், அதனால் பள்ளிக்குப் பிறகான விளையாட்டு, மன்றம் எதிலும் சேர முடியாது; வகுப்புத் தோழன் வீடு ஊரின் மறுகோடியில்.

அந்தப் பிள்ளைகள் இன்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். ப்ராஜெக்டுக்குப் பேட்டி எடுக்க ஆள் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அங்கிளிடம் கேளுங்கள். 1980களில் பிராட்ஃபோர்டில் ஆலைத் தொழிலாளர்களின் குரலையே ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்தார்கள். தெற்காசியர்களும் அதில் உண்டு. நகர அருங்காட்சியகத் துறையிடம் கேட்டால் எவற்றைக் கேட்கலாம் என்று சொல்வார்கள். பேட்டி எடுக்கும்போது முதல் கேள்வியாக, எந்த ஸ்டாப்பில் ஏறினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.